அந்த இடம் நிரம்பவில்லை

சைகோனில் இருக்கும் என் மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று சாயபு வழக்கம்போல எழுத ஆரம்பித்தார். அதை அடிக்கச் சொன்னேன். காகிதம் விற்கிற விலையில் முதல் வரியையே அடிப்பதா என்று முணுமுணுத்தார். பொய்யில் ஆரம்பித்தால் பிறகு வருவதெல்லாம் அதற்கு முட்டுக்கொடுக்கத்தான் ஆகும், அடித்துவிடுங்கள் என்றேன். வில்லியனூர் கடைத்தெருவில் உனக்குச் சிலேட்டும் பலப்பமும் வாங்கிய மளிகைக்கடை சாயபுதான். இப்போது அவருக்கும் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரிவதில்லை. நான் சொல்வதை அப்படியே எழுதவேண்டும், அழகுபடுத்தக் கூடாது, நான் அழுதாலும் நிறுத்தக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அழமாட்டீர் என்று அவர் சொல்கிறார். பார்க்கலாம்.

உன் கடுதாசி போன வாரம் வந்து சேர்ந்தது. சண்டை நடந்த நாலு வருஷமும் உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. சைகோனில் ஜப்பான்காரன் இருக்கிறான், கப்பல் போவதில்லை, தபால் போவதில்லை என்று புதுச்சேரிக்குப் போய்வருகிறவர்கள் சொல்வார்கள். நீ இருக்கிறாயா இல்லையா என்று தெரியாமல் நான் நாலு முறை நாற்று நட்டு நாலு முறை அறுத்தேன். அதனால் சாயபு உறையைப் பிரித்து, உம் மகன் கையெழுத்துத்தான் என்று சொன்னபோது, அதற்குள் என்ன இருந்தாலும் போதும் என்றுதான் நினைத்தேன். மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன். முதல் தரம் நீ உயிரோடு இருப்பது மட்டும்தான் காதில் விழுந்தது. இரண்டாம் தரம்தான் உன் பிள்ளை முருகேசனைப் பற்றி எழுதியிருந்தது விழுந்தது. மூன்றாம் தரம்தான் உன் கடைசி வரி விழுந்தது.

நீ எழுதியதைத் திரும்பச் சொல்கிறேன், நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். உன் மகனுக்குப் பதினாறு முடிகிறது. பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு மோட்டார் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். நீ கண்டுபிடித்து அடித்தாய். எண்ணெய்க் கறை பட்ட அவன் சட்டையை அடுப்பில் போட்டாய். பட்டறைக்காரர்கள் அவனை முறையாகத் தொழில் பழகச் சேர்த்துக்கொள்ள ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார்கள், அதில் தகப்பன் கையெழுத்து வேண்டும், நீ போடமாட்டேன் என்று பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாய். அவன் உன்னோடு பேசுவதில்லை. தாத்தா சொன்னால் கேட்பான், ஆகவே நான் அவனுக்கு ஒரு கடுதாசி எழுதி, பேனா பிடிக்கிற வேலையே நம் குடும்பத்துக்குக் கௌரவம் என்று சொல்லவேண்டும். தை மாசத்துக்குள் கப்பல் சீட்டுக்குப் பணம் சேர்ந்துவிடும், நீ என்னைப் பார்க்க வருவாய். கடைசியில் ஒன்று எழுதியிருக்கிறாய். "அந்தக் காலத்தில் பட்டறைக்குப் போகாமல் நீங்கள் என்னைக் காப்பாற்றினீர்கள். அந்த இடம் நிரம்பியிராவிட்டால் நானும் கரிக்கையோடு போயிருப்பேன். தெய்வம்தான் அன்று அந்த வழியை அடைத்தது." அந்த வரியை நான் கேட்காமலே சாயபு தானாகத் திருப்பிப் படித்தார். தகப்பனை நினைத்து ஒரு மகன் இப்படி எழுதுகிறானே என்று அவருக்கு.

தெய்வம் அடைக்கவில்லை. நான் அடைத்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

சொன்னால் புரியும்படி முதலிலிருந்து சொல்கிறேன், நீ அவசரப்படாதே. உன்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது என் சம்பாத்தியத்தால் அல்ல, உன் அம்மா உலக்கையால். எனக்கு ஆள் கூலி நெல்லாகத்தான் கிடைத்தது, அது வயிற்றுக்குச் சரியாய்ப் போகும். அவள் ஊரில் நாலு வீட்டுக்கு நெல் குத்திக் கொடுப்பாள். குறுணையும் தவிடும் போக ஒரு பங்கு அரிசி அவளுக்கு. அந்த அரிசியைச் சாயபு கடையில் போட்டுத்தான் உனக்குப் புத்தகம், சட்டை எல்லாம். நான் ஏன் உன்னைப் படிக்கவைத்தேன் தெரியுமா? அறிவு வரட்டும் என்றல்ல. கடன் பத்திரமோ கிரயப் பத்திரமோ எதிலும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் விரலை நீட்டுகிற பிழைப்பு என்னோடு போகட்டும் என்றுதான். நீ பனி பெய்கிற ஊர்களின் ஆற்றுப் பேர்களையெல்லாம் பாட்டு மாதிரி ஒப்பிப்பாய். நம்ம ஆற்று வாய்க்காலில் மடை திறந்தால் ஒரு காணி நனைய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் முழிப்பாய். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. வாய்க்காலைப் பற்றித் தெரியாமலிருப்பதுதான் பெரிய மனிதர்களுக்கு அழகு என்று நினைத்திருந்தேன்.

நீ பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சைக்கு, அந்தச் செர்த்திபிகாவுக்கு, படித்துக்கொண்டிருந்த வருஷம்தான் வில்லியனூரில் முதல் அரிசி மெஷின் வந்தது. எண்ணெய் எஞ்சின். அது இரைகிற சத்தம் நம்ம களத்துமேட்டுக்குக் கேட்கும். மூன்று மாசத்துக்குள் உன் அம்மாவுக்குக் குத்தக் கொடுத்துக்கொண்டிருந்த நாலு வீடும் வண்டி கட்டி நெல்லை மெஷினுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு பொழுது முழுக்க அவள் குத்துகிறதை அது ஒரு வெற்றிலை போடுகிற நேரத்தில் துப்பியது. நான் அந்த மெஷின் இருக்கிற தெருப்பக்கமே போகமாட்டேன். நீயோ பள்ளிக்கூடம் விட்டால் அங்கேதான் நிற்பாய். எஞ்சினைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த தேவராசு மேஸ்திரி உன்னைத் துடைக்கவிட்டார், பிறகு திருகாணி முடுக்கவிட்டார், அதற்குப் பிறகு அவர் இல்லாத நேரத்தில் நீ ஓட்டியே காட்டினாயாம். மேஸ்திரி நம்ம வீட்டுக்கே வந்தார். "பெரியவரே, இந்தப் புள்ளைக்கு காது இருக்குது. எஞ்சின் இருமுனா எங்க வலிக்குதுன்னு சொல்றான். எங்க தொரை பட்டறை புதுச்சேரியில இருக்குது. நா சொன்னா எடுத்துக்குவாரு" என்றார். உன் அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். தன் உலக்கைக் கூலியைத் தின்ற எஞ்சினின் ஆளுக்கு அவள் மோர் கொடுத்ததே எனக்கு எரிச்சலாயிருந்தது. மேஸ்திரி போனபிறகு கேட்டேன். "மிசினு இன்னா பண்ணும், அது இரும்பு. அதுகிட்ட கோச்சிக்கினா நாமதான் பட்டினி கெடக்கணும். புள்ளைக்காவது அது சோறு போடட்டும்" என்றாள். அவளுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணிக்கையும் தெரியாது. ஆனால் அன்றைக்கே அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நான் சரி என்றுதான் சொன்னேன். அதை நீ நம்பவேண்டும். பட்டறையிலிருந்து காகிதம் வந்தது. சின்னப் பையனைத் தொழில் பழகச் சேர்க்கவேண்டுமானால் தகப்பன் வில்லியனூர் மேரி ஆபீசில் குமாஸ்தா முன்னால் ஒப்புதல் கொடுக்கவேண்டும் என்று சட்டம். காலையில் இருவரும் நடந்தே போனோம். வழியெல்லாம் நீ பேசிக்கொண்டே வந்தாய். நாலு வருஷத்தில் தொழில் வந்துவிடும், ஐந்தாம் வருஷம் அம்மாவுக்கு ஒரு பசு வாங்கலாம் என்றாய். மேரி வாசலில் சேவகன் உன்னை நிறுத்தி, பெரியவர் மட்டும் போகலாம் என்றான். நீ வெளியே வேப்பமரத்தடியில் நின்றாய். நான் திரும்பிப் பார்த்தேன். எண்ணெய் தேய்த்து வாரி, அம்மா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி நின்றாய்.

உள்ளே குமாஸ்தா காகிதத்தைப் பிரெஞ்சில் படித்துத் தமிழில் சொன்னார். நாலு வருஷம் பழகவேண்டும். முதல் வருஷம் சாப்பாட்டுக் காசு மட்டும். அதற்குப் பிறகு இவ்வளவு, பிறகு இவ்வளவு. சரியா என்றார், சரி என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துப் பெருவிரலில் மை தடவினார். அந்தச் சமயம் பார்த்து, ஏதோ நிலக் காரியமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த கரையாம்புத்தூர் பண்ணைக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாய்யா, புள்ளைய எங்க சேக்கற?"

"எஞ்சின் பட்டறையிலங்க."

"செர்த்திபிகா வாங்குன புள்ளதான? ஊரே பெருமையா பேசிச்சே. ஆறு வருசம் படிக்க வெச்சது கரித்துணியில கை தொடைக்கவா?"

குமாஸ்தா சிரித்துவிட்டார். "எங்க ஆபீசுல பங்கா இழுக்கறவன் வேட்டி அதவிட வெள்ளையா இருக்கும்" என்றார். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். என் மணிக்கட்டு அவர் பிடியில் இருந்தது, விரல் காகிதத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"வேணாங்க."

"இன்னா வேணாம்?"

"ஒப்புதல் வேணாம். கிழிச்சிடுங்க."

"கிழிக்க நா யாரு? தகப்பனுக்கு இஷ்டமில்லன்னு எழுதி அனுப்பிடறேன். மைதான் தண்டம்."

அவ்வளவுதான். பண்ணைக்காரர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு வார்த்தை கேட்டார், மூன்று பேர் சிரித்தார்கள், அதற்கு நான் உன் பிழைப்பை விலையாகக் கொடுத்தேன். அந்தப் பண்ணைக்காரர்தான் பின்னாளில் உன் படிப்பைப் பார்த்து உனக்குப் பெண் கொடுத்தார் என்பதால் இதை உன் பெண்சாதிக்கு எப்படிச் சொல்வது என்று நீ யோசிப்பாய். அவள் தகப்பனைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை என்று சொல். கையை இழுத்தவன் நான்.

வெளியே வந்ததும் நீ ஓடிவந்தாய். "ஆச்சாப்பா?" என்றாய். உன் முகத்தைப் பார்த்து, எனக்கு வெட்கமாயிருந்தது, நாலு பேர் சிரித்தார்கள், அதனால் வேண்டாமென்று விட்டேன் என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்? "அந்த எடம் நெரம்பிப்போச்சாம்டா" என்றேன். நீ என் கையைப் பார்த்தாய். "அப்ப கையில இன்னா மை?" என்றாய். படித்த பிள்ளை அல்லவா. நான் ஒரு மூச்சுக்கூட விடாமல் சொன்னேன், "நெரம்பிப்போச்சுன்னு சொன்னத கேட்டுக்கினேன்னு கைநாட்டு வாங்கிக்கினாங்க." காகிதத்தைப் பார்க்கலாமா என்றாய். அவர்களே வைத்துக்கொண்டார்கள் என்றேன். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, யார் சேர்ந்தார்களாம் என்று கேட்டாய். "யாரோ நெட்டப்பாக்கத்துப் பையனாம்" என்றேன். இன்னும் கொஞ்ச தூரம் நடந்து, "அவன் என்னவிட நல்லா படிப்பான் போல" என்றாய். நான் துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு நெட்டப்பாக்கத்துப் பக்கத்திலிருந்து யார் கரும்பு வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாலும், உங்க ஊர்ல எஞ்சின் பட்டறைக்குப் போற பையன் யாருன்னா இருக்கானா என்று நீ கேட்பாய். அப்படி ஒருவனும் இல்லை என்பார்கள். நீ அவர்களுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வாய். இல்லாத ஒரு பையன்மேல் நீ வருஷக்கணக்கில் பொறாமைப்பட்டாய், அவனைப் பெற்றவன் நான்தான்.

பிறகு குமாஸ்தா வேலைக்காக நாம் காத்திருந்த மூன்று வருஷத்தை நீயும் மறந்திருக்கமாட்டாய். கன்றுக்குட்டியை விற்று உனக்கு வெள்ளை டிரில்லில் கால்சட்டையும் கோட்டும் தைத்தேன். திங்கட்கிழமை தோறும் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்கு நடப்பாய், ஊர் எல்லை வந்ததும் காலைக் கழுவிப் போட்டுக்கொள்வாய். இடம் காலியானால் சொல்லியனுப்புகிறோம் என்பார்கள். சொல்லியனுப்ப அவர்களுக்குத் தங்கள் மைத்துனன்கள் இருந்தார்கள். அந்த மூன்று வருஷத்தில் உன்னை வயலில் இறங்கவிடவில்லை, கருத்துவிடுவாய் என்று. பேனா வேலையும் வரவில்லை, ஏர் பிடிக்கவும் வராது. ஒரு நாள் பக்கத்துக் கொல்லையில் கரும்பு ஆலை சிக்கிக்கொண்டது. இரும்பு உருளையில் பல் உடைந்து சாறு வராமல் நின்றது. அடுப்பு மூட்டிவிட்டார்கள், கொப்பரை காய்கிறது. நீ போய் அரை நாளில் அதைத் திருத்தி ஓடவிட்டாய். அவர்கள் சந்தோஷப்பட்டு, சூடு ஆறாத வெல்லம் ஒரு கூடை கொடுத்தார்கள். நீ அதைத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாய். அந்த வருஷத்தில் நீ சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் வாசலிலேயே நிறுத்தினேன். "கூலிக்காரன் மாதிரி கையேந்திக்கினு வந்தியா? கையில எண்ணெ பட்டவன் வூட்ல எவன்டா பொண்ணு குடுப்பான்? போய் குடுத்துட்டு வா" என்றேன். கூடையோடு திரும்பிப் போனாய். அந்த வார்த்தைகளைத்தான் நீ முருகேசனிடம் சொல்லி அடித்ததாக எழுதியிருக்கிறாய், ஒரு எழுத்துக்கூட மாறாமல். சாயபு அதைப் படித்தபோது என் குரல் எனக்கே கேட்டது.

கல்யாணமாகி, ஊரில் பிழைக்க வழியில்லாமல் நீ கப்பல் ஏறினாய். நீ போன அடுத்த வருஷம் தேவராசு மேஸ்திரி இந்தப் பக்கம் வந்தவர் வீட்டுக்கும் வந்தார். நான் வயலில் இருந்தேன். பிள்ளையை ஏன் அனுப்பவில்லை, தொரை ரொம்ப நாள் அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருந்தாரே, தகப்பனுக்கு இஷ்டமில்லை என்று மேரியிலிருந்து எழுதி வந்ததே என்று உன் அம்மாவிடம் கேட்டுவிட்டார். நான் வந்தபோது அவள் சோறு போட்டாள். கை கழுவும்போது சொன்னாள், "படிச்ச புள்ளைய ஏமாத்த படிக்காத ஆளே போதும் போலக்குது." அதற்குப் பிறகு சாகும்வரை அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்கு எழுதச் சொல்லுவாள் என்று ஒவ்வொரு தடவை சாயபு கடைக்குப் புறப்படும்போதும் பயப்படுவேன். சொல்லவே இல்லை. அதை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால், இந்த மனிதனிடம் கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று விட்டுவிட்டாள் என்றே தோன்றுகிறது.

இங்கே சாயபு பேனாவை வைத்துவிட்டார். இத்தனை வருஷம் உம் மகன் கடுதாசியை நான்தானே படித்தேன், உம் பதிலை நான்தானே எழுதினேன், எல்லாவற்றிலும் இதை மறைத்து என் கையால் எழுதவைத்தீரே என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கடையைப் பார்த்தார், ஒருவருக்குப் புளி நிறுத்துக் கொடுத்தார். பிறகு வந்து உட்கார்ந்து, சொல்லும் என்றார்.

சண்டைக் காலத்தில் இங்கே நடந்ததையும் தெரிந்துகொள், அதுவும் இந்தப் பேச்சில் சேர்ந்ததுதான். விலை ஏறியது. நம்ம ஊர் பிரெஞ்சுக்காரனுடையது, அடுத்த ஊர் இங்கிலீஷ்காரனுடையது, நடுவில் சுங்கச் சாவடி. அங்கே ஒரு விலை, இங்கே ஒரு விலை. கரையாம்புத்தூரில் வரப்பைத் தாண்டினால் நெல்லின் விலை மாறும். மண்ணெண்ணெய் கிடையாது, துணி கிடையாது. அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். நெல்லாகக் கூலி வாங்கின அறுப்பு ஆள் எப்படியோ கஞ்சி குடித்தான். மாசச் சம்பளம் வாங்கின பள்ளிக்கூடத்து வாத்தியாரும் மேரி குமாஸ்தாவும் முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு சாயபு கடையில் நின்றார்கள். விலை ஓடுகிறது, சம்பளம் நடக்கவே இல்லை. என் கையைப் பிடித்து மை தடவின அதே குமாஸ்தா தன் கோட்டை இங்கே அரிசிக்கு வைத்துவிட்டுப் போனார். சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதே, எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நீயும் எங்கோ ஒரு கடையில் இப்படித்தான் நிற்கிறாய் என்று. உன் கடுதாசியில் கைக்கடிகாரத்தையும் உன் பெண்சாதி தாலிக்கொடியையும் விற்றதாக எழுதியிருக்கிறாய். கடையில் நின்றிருக்கிறாய்.

அந்தச் சமயத்தில் கையில் எண்ணெய் பட்டவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதையும் கேள். குத்தகைக்குப் பயிரிடுகிற நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து வாய்க்கால் ஓரத்தில் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் ஒன்று போட்டோம். போன கோடையில் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் அது நின்றுவிட்டது. கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பிட்டர் வரவேண்டும், உன் வயதில் பாதிதான் இருப்பான். மூன்று நாள் ஆள் அனுப்பி நாலாம் நாள் சைக்கிளில் வந்தான். வந்ததும் கட்டில் கேட்டான், காப்பி கேட்டான். பயிர் காயுது தம்பி, கொஞ்சம் சீக்கிரம் என்றேன். "பெருசு, அவசரம்னா ஏத்தம் எறச்சிக்கோ. எஞ்சினுக்கு அவசரம் தெரியாது" என்றான். நான் அவன்முன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றேன். அவன் ஒரு மணி நேரம் அதைப் புரட்டிவிட்டு, சாமான் இல்லை என்று போய்விட்டான். என் பங்குப் பயிர் கருகியது. வரப்பில் உட்கார்ந்து எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது எங்கே வலிக்கிறதென்று சொல்லத் தெரிந்தவன் சைகோனில் உட்கார்ந்து அடுத்தவன் கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன்.

இதற்காக, எஞ்சின் வேலைதான் உசத்தி, பேனா வேலை தாழ்த்தி என்று நான் இப்போது புதுப்பாட்டுப் பாடுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. உலக்கையை மெஷின் தின்றதைப் பார்த்தவன் நான். மெஷினையும் ஒரு நாள் வேறு ஏதாவது தின்னும். முருகேசன் கற்றுக்கொள்கிற தொழில் அவன் தலை நரைக்கும்வரை சோறு போடுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எந்தப் படிப்புக்கு எந்தக் கூலி, எந்தக் கூலிக்கு எவ்வளவு அரிசி என்று நாளைக்கு இருக்கப்போவதைச் சொல்ல என்னால் ஆகாது. தெரிந்தவன் மாதிரி ஒரே ஒரு தடவை நடந்துகொண்டேன், அதன் பலனை நீ இருபது வருஷமாக அனுபவிக்கிறாய். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நீ எஞ்சினைத் தொட்டபோது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். முருகேசன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். நீ அதைப் பார்த்ததனால்தான் உனக்கு அவ்வளவு கோபம் வந்து சட்டையைக் கொளுத்தினாய்.

நான் முருகேசனுக்குத் தனியாக எழுதப்போவதில்லை. இதையே அவனுக்குப் படித்துக் காட்டு, கூலிக்காரன் மாதிரி என்று நான் சொன்ன இடத்தையும் விடாமல். பிறகு பெட்டியைத் திறந்து அந்தக் காகிதத்தை எடு. கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு நீ தனியாகப் போகாதே. அவனையும் உள்ளே கூட்டிக்கொண்டு போ. சேவகன் நிறுத்தினால் சண்டை போடு. உன் பக்கத்தில் அவன் நிற்கட்டும். அன்றைக்கு நீ எதிரில் நின்றிருந்தால் நான் கையை இழுத்திருக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும். யாராவது சிரிப்பார்கள், எல்லா ஆபீசிலும் பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

தை மாசம் நீ வரவேண்டாம். பட்டறையில் பழகுகிறவன் தன் ஆயுதங்களைத் தானே கொண்டுவர வேண்டும் என்று அன்றைக்கு அந்தக் காகிதத்திலும் எழுதியிருந்தது, அங்கேயும் அப்படித்தான் இருக்கும். சுத்தி, அரம், ஸ்பானர் எல்லாம் சண்டைக்குப் பிறகு என்ன விலை விற்கிறதென்று சாயபு சொல்கிறார். கப்பல் சீட்டுக்குச் சேர்த்ததை அதற்குக் கொடு. நல்ல இரும்பாகப் பார்த்து வாங்கு, மலிவாய் வாங்காதே. நீ இங்கே வந்தால் என் காலைத் தொட்டு, காப்பாற்றினீர்கள் என்று சொல்வாய் என்று பயந்துதான் முதலில் இதை எழுதத் துணிந்தேன். இப்போது அதைச் சொல்லமாட்டாய். என்ன சொல்வாய் என்று தெரியாது, கேட்கவும் இனி எனக்கு நாள் இருக்குமா என்று தெரியாது. கண் மங்கிவிட்டது, எதிரில் வருகிறவர்களைக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். வரவேண்டாம் என்று சொன்னதை வைத்து, உன்னைப் பார்க்க எனக்கு ஆசையில்லை என்று மட்டும் நினைத்துவிடாதே.